தபாலில் வந்த பல்செட்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகம். நீயும் அப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் எழுதுகிறேன். போனை எடுத்தாலே அப்பா "ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு" என்று கத்துகிறார். நீயும் போட்டுவிடுகிறாய். நான் இங்கே தும்மினால் எதிர்வீட்டிலிருந்து "பையனுக்குச் சளியா?" என்று குரல் வருகிறது. இந்த விஷயம் எதிர்வீட்டுக்குப் போகக் கூடாது, அப்பாவுக்கும் இப்போதைக்குப் போகக் கூடாது. அதனால் நீ வேலை செய்கிற மருந்துக்கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். மாத்திரை டப்பாவுக்குப் பின்னால் வைத்துப் படி.

எனக்கு வீட்டுக்கே திரும்பி வந்துவிட வேண்டும் போல இருக்கிறது, அக்கா.

இங்கே குறை ஒன்றும் இல்லை. எங்கள் பல்செட் கம்பெனி நன்றாகத்தான் ஓடுகிறது. கல்யாண மண்டபம் மாதிரி ஒரு ஹால், வரிசையாக மேஜைகள், மேஜைக்கு ஒரு விளக்கு, விளக்குக்குக் கீழே யாரோ ஒருவருடைய வாய். போன வாரம் சூப்பர்வைசர் கூப்பிட்டு, என் பிரிவுக்கு என்னையே பொறுப்பாளராகப் போடப் போவதாகச் சொன்னார். சம்பளம் ஏறும், தனியாக ஒரு மின்விசிறியும் உண்டு. ஆனால் கையெழுத்துப் போட்டால் மூன்று வருஷம் அசையக் கூடாதாம். மே மாதம் முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? நான் யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அறையில் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. இன்னும் மூன்று வருஷம் இப்படியா என்று நினைத்தால் அழுகைதான் வருகிறது.

அதற்காக வேலை இல்லாமல் வந்து உன் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது. பல்செட் செய்கிறவனுக்கு நம் ஊரில் வேலை இருக்கிறதா, கொஞ்சம் விசாரித்துச் சொல். இருந்தால் வருகிறேன்.

இன்னொன்று. எப்போது போன் பண்ணினாலும் பின்னால் மிக்ஸி ஓடுகிறதே, ஏன்? அப்பா வீடியோவில் வந்தால் நெற்றியை மட்டும் காட்டுகிறார். ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி

*

ஜனவரி 29

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா. இங்கே நாங்கள் நலம், உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெளியே வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாடிக்கையாளருக்கு இருமல் மருந்துக்குப் பதிலாகக் கண் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, திரும்பி வந்து கேட்டார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

விசாரி என்றாய் அல்லவா, விசாரித்தேன். மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறவளுக்குத் தெரியாத வாய் இந்த ஊரில் உண்டா? கிராம்புத் தைலமும் பல்வலி மாத்திரையும்தான் எங்கள் கடையில் இப்போது அதிகம் போகிறது. இன்று வலி மாத்திரை வாங்குகிறவர், கொஞ்ச நாள் போனால் பல்லைப் பிடுங்குவார், அப்புறம் செட்தானே? நம் தெருவை மட்டும் எடுத்துக்கொண்டாலே நீ ஒரு வருஷம் உட்கார்ந்து செய்யலாம். இத்தனை நாளும் எல்லோரையும் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள், இப்போது வாயை மட்டும் பார்த்துப் பேசுகிறேன். பால் போடுகிறவர் என்னைப் பார்த்தாலே உதட்டை மூடிக்கொள்கிறார்.

பழைய பல் டாக்டர் கடையை மூடிவிட்டுப் போனாரே, அந்த இடத்தில் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார். சின்ன வயது, கறாரான பேச்சு. செட்டுகளை வெளியூருக்கு அனுப்பிச் செய்து வாங்குகிறாராம். வந்து சேர்வதற்குள் கிழவர்கள் பொறுமை இழந்து திட்டுகிறார்களாம். "நல்ல ஆள் கிடைச்சா பின்னாடி அறையிலேயே மேஜை போட்டுக் கொடுத்துடுவேன். ஆனா அளவு எடுத்ததுல இருந்து கடைசி வரைக்கும் எல்லாமே ஒரே ஆளுக்குச் செய்யத் தெரியணும்" என்றார்.

நான் விடுவேனா? "என் தம்பிக்கு அதெல்லாம் தண்ணிபட்ட பாடு டாக்டர். முழு செட்டும் கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணுவான்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

"கண்ணைத் திறந்துக்கிட்டே பண்ணச் சொல்லுங்க. ஒரு முழு செட் பண்ணி அனுப்பட்டும், பார்த்துட்டு முடிவு சொல்றேன்" என்றார். வேலை முக்கால்வாசி கிடைத்த மாதிரிதான்!

மிக்ஸி நன்றாக ஓடுகிறது. பழுது ஒன்றும் இல்லை.

பாசமுள்ள,
அக்கா

*

பிப்ரவரி 11

அக்கா,

நலம். நீ நலமா என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

வாயைக் கொடுத்து வம்பை வாங்கிவிட்டாயே! முழு செட்டா? நானா? நான் இங்கே என்ன செய்கிறேன் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா? நானும் சொன்னதில்லை, சரி. இப்போது சொல்கிறேன், கேள். இங்கே ஒரு செட்டை ஒருவர் செய்வதில்லை. முதல் வரிசை பிளாஸ்டரில் அச்சு வார்க்கும். அடுத்த வரிசை மெழுகு வைக்கும். அதற்கடுத்தவர்கள் பல் அடுக்குவார்கள். அப்புறம் ஈறு வார்ப்பவர்கள். எல்லாம் முடிந்து கடைசி வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, சுழல்கிற பிரஷ்ஷில் வைத்துப் பளபளவென்று தேய்த்து டப்பாவில் போடுகிறவன் இருக்கிறானே, அவன்தான் உன் தம்பி. சேர்ந்த நாளிலிருந்து பாலிஷ்தான். பொறுப்பாளர் பதவி என்று எழுதினேனே, அதுவும் பாலிஷுக்குத்தான். ஒரு பல்லைக்கூட நான் நட்டதில்லை.

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று இதைத்தான் சொன்னார்களோ என்னவோ. டாக்டரம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிடு. நம் ஊரில் பாலிஷ் மட்டும் போடுகிற வேலை இருந்தால் சொல். பாத்திரக்கடையாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்பா சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். நீ மிக்ஸிக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒழுங்காகப் பதில் எழுது.

தம்பி

*

பிப்ரவரி 25

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் திட்டிக்கொள்கிறேன்.

அத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்துவிட்டு, முன்னால் இருக்கிறவர் என்ன செய்கிறார் என்று எட்டிக்கூடப் பார்க்காதவன் நீ ஒருத்தன்தான் இருப்பாய். கற்றுக்கொள்ளடா! சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கொடுக்கிறார்களா இல்லையா? நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

இனி அப்பா. மறைக்க முடியாது, சொல்லிவிடுகிறேன். அவர் வாயில் ஒரு பல்கூட இல்லை, தம்பி. கடைசிப் பல்லும் போன வருஷமே போய்விட்டது. சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. பல்லு போனா சொல்லு போச்சு என்பார்களே, அவருக்குப் பல்தான் போயிருக்கிறது, சொல் அப்படியே இருக்கிறது. நான் எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். "பையன் பல்செட் கம்பெனியில இருக்கான், நான் போய் ஊரான்கிட்ட வாயைப் பிளக்கணுமா? அவன் வரட்டும், அவன் கையால வைக்கட்டும்" என்று ஒரே பிடிவாதம். எல்லாவற்றையும் அரைத்துத்தான் கொடுக்கிறேன். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து அதையும் அரைக்கிறேன். வீட்டில் நான், அப்பா, மிக்ஸி, மூன்று பேர்தான். ஆள் பாதியாகிவிட்டார். சட்டையைத் தையல்கார மாமாவிடம் கொடுத்து இரண்டு முறை பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

அதனால் நானே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். டாக்டரம்மா கேட்ட அந்த ஒரு செட் அப்பாவுக்குத்தான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். டாக்டரம்மா அளவெடுத்து, அச்சு வார்த்து, மெழுகில் கடித்த அளவோடு உனக்குப் பார்சல் அனுப்புவார். நடுவில் ஒருமுறை மெழுகில் பல்லை அடுக்கி வாயில் போட்டுப் பார்ப்பது வழக்கமாம். தபாலில் அதெல்லாம் நடக்காது, நேராகவே செய்யட்டும், கை எப்படி என்று தெரிந்துவிடும் என்கிறார்.

அப்பாவிடம் "தம்பி உங்களுக்குப் பல்செட் தபால்ல அனுப்பப் போறான், போய் அளவு கொடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். வேலை விஷயத்தை மூச்சு விடவில்லை. சொன்னால் நாளைக்கே தெருமுழுக்கத் தண்டோரா போட்டுவிடுவார், கிடைக்காவிட்டால் உடைந்துபோவார். குதிப்பார் என்று நினைத்தேன். எழுந்து போய்ச் செருப்பைத் தேடினார். மறுநாள் கேட்டால் "கொடுத்தாச்சு, கொடுத்தாச்சு" என்கிறார். நான் கடையில் இருந்தேன், கூடப் போக முடியவில்லை. எப்படியோ, போய்விட்டு வந்தாரே!

நன்றாகச் சாப்பிடு. உனக்காவது பல் இருக்கிறது.

அக்கா

*

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. விரல்கள்தான் மெழுகு வாசனை அடிக்கின்றன.

அப்பா விஷயத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பல்செட் கம்பெனிக்காரனின் அப்பா பொக்கை வாயோடு கஞ்சி குடிக்கிறார் என்றால் நான் எதற்கு இருக்கிறேன்? உன்மேல் கோபமும் வந்தது. அப்புறம் உன்னைத் தவிர அவரிடம் யார் மாட்டிக்கொண்டு முழிக்க முடியும் என்று நினைத்ததும் கோபம் போய்விட்டது.

அச்சு வந்து சேர்ந்தது. அறையில் ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறேன். அப்பாவின் வாயை இவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை. மேல்தாடையில் நம் குடும்பக் களை அப்படியே இருக்கிறது. கீழ்த்தாடையைப் பார்த்தால் பிடிவாதம் அப்பட்டமாகத் தெரிகிறது. காலையில் கிளம்பும்போது "போயிட்டு வரேன்பா" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன். சிரிக்காதே. பேச ஒரு முகம், சரி, பேச ஒரு தாடையாவது கிடைத்ததே.

நீ திட்டியது வேலை செய்தது. சாப்பாட்டு நேரத்தில் மேஜை மேஜையாகப் போய் நிற்கிறேன். மெழுகு வரிசையில் ஒரு அம்மா இருக்கிறார், வாய் ஓயாமல் பேசுவார், கை மட்டும் தப்பே செய்யாது. அவருடைய வெள்ளிக் கொலுசு, விளக்கு, சம்படம் எல்லாவற்றையும் நான் பாலிஷ் போட்டுக் கொடுக்க வேண்டும், பதிலுக்கு அவர் பல் அடுக்கச் சொல்லித்தருவார். அதுதான் பேச்சு. முதலில் நான் அடுக்கியதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, குதிரை கொட்டாவி விடுற மாதிரி இருக்கு" என்றார். இரண்டாவதைப் பார்த்து, "இப்ப குதிரை வாயை மூடிக்கிச்சு" என்றார். மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லாமல் மோரைக் குடித்துக்கொண்டே என்னிடம் திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அக்கா. இத்தனை வருஷமாக யாரோ செய்த பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முழுசாக ஒன்றைச் செய்து கையில் வைத்துப் பார்க்கிற சுகம் இப்போதுதான் தெரிகிறது. பாலிஷ் மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முகம் பார்க்கலாம், அப்படி இருக்கிறது.

அச்சின்மேல் வைத்தால் கச்சிதமாக உட்காருகிறது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நாளை பார்சல் அனுப்புகிறேன். அப்பாவை முதலில் மெதுவானதாகச் சாப்பிடச் சொல்.

இது சரியாக வந்தால் சூப்பர்வைசரிடம் முடியாது என்று சொல்லிவிடுவேன்.

தம்பி

*

ஏப்ரல் 16

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ தைரியமாக இருக்க வேண்டும்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பார்சல் பத்திரமாக வந்தது. பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை, அவ்வளவு அழகு. அப்பாவைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்தேன். அவர் ஏனோ ரொம்பத் தயங்கினார். கீழ் செட் உள்ளே போகவே இல்லை. மேல் செட் போனது, "எப்படி இருக்கு?" என்று நான் கேட்டதற்கு அவர் வாயைத் திறந்ததும் தொப்பென்று மடியில் விழுந்தது. திரும்ப வைத்தோம், திரும்ப விழுந்தது. மூன்றாவது தடவை நான் கையில் பிடித்துக்கொண்டேன், கிரிக்கெட் ஆடுகிறவன் மாதிரி.

டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால், "செத்தாலும் அங்க வரமாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். செட்டை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போய்ச் சொன்னேன். "வாயைப் பார்க்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சொல்றதைப் பார்த்தா நான் எடுத்துக் கொடுத்த அளவுல உங்க தம்பி பண்ணல போலிருக்கு. பாலிஷ் நல்லாத்தான் இருக்கு, பல்லுக்குப் பாலிஷா முக்கியம்? நான் வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. உன்மேல் தப்பில்லை, கெடுபிடி பண்ணி உன்னை அவசரப்படுத்தியது நான்தான். அங்கே பெரிய கம்பெனி, பதவி உயர்வு, விசிறி எல்லாம் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் உனக்கு அதுதான் நல்லது என்று தோன்றுகிறது.

செட்டை டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

அக்கா

*

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

நீ அழ வேண்டாம். என் கைதான் கோணல். பிளாஸ்டரில் உட்கார்ந்தது வாயில் உட்காரவில்லை என்றால் என் அறிவுக்கு எட்டாத ஏதோ நுணுக்கம் அதில் இருக்கிறது. பாலிஷ்காரன் பாலிஷ்காரனாகவே இருந்திருக்க வேண்டும்.

சம்பளம், சாப்பாடு, வாடகை என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். இங்கே இருப்பதுதான் புத்திசாலித்தனம். மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுகிறேன். சம்பளம் ஏறியதும் அப்பாவுக்கு வெளியே நல்ல டாக்டரிடம் பணம் கட்டிச் செய்துவிடலாம். அவர் வீம்பு பிடித்தால் நீ என் பெயரைச் சொல்லிக் கெஞ்சு.

அந்த அச்சைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. அப்பாவைத் தூக்கிப்போடுவது மாதிரி இருக்கிறது.

தம்பி

*

மே 19

டேய் தம்பி!

நலமா? கையெழுத்துப் போட்டுவிட்டாயா? போடாதே! பேனாவையே தொடாதே! போன் பண்ணலாம் என்றால் இந்த மனிதர் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், கடையிலும் கூட்டம். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். முழுக்கப் படி.

நேற்று ஜன்னல் திரையைக் கொடுக்கத் தையல்கார மாமா கடைக்குப் போனேன். உனக்குத் தெரியுமே, அப்பாவும் அவரும் காலையில் நடக்கப் போகிற ஜோடி. இரண்டு பேருக்கும் வாயில் ஒன்றும் கிடையாது, அதனால் நன்றாக ஒத்துப்போகும். மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார். தைத்து முடித்தார், குனிந்தார், நூலை டக்கென்று பல்லால் கடித்துத் துப்பினார்.

பல்லால்!

"மாமா, இப்படித் திரும்புங்க."

"வாம்மா, வா. என்ன, திரையா? அங்க வச்சிட்டுப் போ" என்கிறார், அளவு டேப்பால் வாயை மறைத்துக்கொண்டு.

"வாயைத் திறங்க மாமா."

"எதுக்கும்மா, நல்ல நாள்ல..."

"திறங்கங்கறேன்!"

திறந்தார். உள்ளே பார்த்தால் என் தம்பியின் பாலிஷ் பளபளவென்று மின்னுகிறது. அலமாரியில் நான் வைத்திருந்த டப்பாவை அதற்கப்புறம் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்பா தூக்கிக்கொண்டு போய் இவரிடம் கொடுத்திருக்கிறார்!

"பொருந்துதா மாமா?"

"பொருந்துதாவா? எங்கம்மா பெத்த பல்லுகூட இவ்வளவு ஒட்டினதில்லம்மா. நேத்து வறுத்த கடலை தின்னேன்." அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு எல்லாவற்றையும் கக்கிவிட்டார். "அளவு குடுக்க உங்கப்பாதாம்மா என்னைப் போகச் சொன்னாரு. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். 'எனக்கும் பல்லு இல்ல, உனக்கும் பல்லு இல்ல, அப்புறம் என்னய்யா வித்தியாசம்? போய் என் பேரைச் சொல்லிட்டு வாயைக் காட்டிட்டு வா'ன்னுட்டாரு."

"ஏன் மாமா? ஏன் இப்படிப் பண்ணினாரு?"

"அதை அவர்கிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆக, இத்தனை மாதமும் நீ "போயிட்டு வரேன்பா" சொல்லிக்கொண்டிருந்தது தையல்கார மாமாவின் தாடையிடம். நம் குடும்பக் களை தெரிகிறதாம்! பிடிவாதம் தெரிகிறதாம்!

கடையைப் பூட்டவைத்து மாமாவை அப்படியே இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா அவரைப் பார்த்ததும், "வாங்க சார், கடைசியில உங்க பொண்ணு உங்களைக் கூட்டிட்டு வந்துட்டாங்களா?" என்கிறார். மாமா என்னைப் பார்க்கிறார். நான் அவரைப் பார்க்கிறேன். உண்மையைச் சொன்னேன். டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வந்து மாமாவின் வாயை ரொம்ப நேரம் பார்த்தார். கடி சரியாக விழுகிறதா என்று பார்க்கக் கலர் காகிதத்தைக் கடிக்கச் சொன்னார். ஆப்பிள் கொடுத்தார். இனிமேல் நூலைக் கடித்தால் பல்லைப் பிடுங்கிவிடுவேன் என்று அவரை ஒரு பிடி பிடித்தார்.

என்னிடம் திரும்பி, "நடுவுல ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காம இப்படி வந்திருக்குன்னா கை நல்ல கை. தம்பியை வரச் சொல்லுங்க" என்றார்.

இனி நீயே யோசித்துக்கொள். சம்பளம் இப்போது நீ வாங்குவதைவிடக் குறைவுதான், பொறுப்பாளர் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே வராது. பின்னறை சின்னது, ஆனால் ஜன்னல் இருக்கிறது. பக்கத்து ஊர் டாக்டர்களின் வேலையும் வரும் என்கிறார், வந்தால்தான் நிச்சயம். நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை, இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கிவிட்டேன். "அது தம்பியோட வேலைக்கு வச்ச பரீட்சை! கெடுக்கப் பார்த்தீங்களே!" என்று கத்தினேன். முகம் வெளுத்துவிட்டது. ஏன் செய்தீர்கள் என்றதும் துண்டை எடுத்துக்கொண்டார். குளிக்கப் போய் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. இப்போது என்னிடம் பேப்பர் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அக்கா

*

மே 20

என் மகனுக்கு,

அப்பா ஆசிகளுடன் எழுதுவது. நான் நலம். சுவர்போல இருக்கிறேன். உன் அக்கா ஆள் பாதியாகிவிட்டேன் என்று எழுதியிருப்பாள், நம்பாதே. முக்கால்வாசி இருக்கிறேன்.

நான் யாருக்கும் விளக்கம் சொல்லிப் பழக்கமில்லாதவன். இருந்தாலும் சொல்கிறேன்.

அது வேலைக்கான பரீட்சை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த டாக்டரம்மா முன்னால் நாள் முழுக்க வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னிடம் மறைத்தது நீங்கள் இரண்டு பேரும் செய்த தப்பு. மற்றது என் தப்பு. இதை உன் அக்காவிடம் படித்துக் காட்டாதே.

நீ வந்துபோய் எத்தனை நாள் ஆயிற்று என்று நான் எண்ணுவதில்லை. லீவு இல்லை என்பாய், சரி என்பேன். வா என்று கூப்பிட எனக்கு வராது. கூப்பிட்டு வந்தாய் என்று இருக்கக் கூடாது, நீயாக வர வேண்டும் என்று ஒரு வீம்பு. பல் போனபோது வருத்தமாக இல்லை. என்றைக்காவது என் மகன் வருவான், வந்து பார்த்து, "என்னப்பா இது" என்று திட்டி, அவன் கையாலேயே அளவெடுப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கஞ்சி குடிப்பது பெரிய கஷ்டமா?

உன் அக்கா வந்து, பல்செட் தபாலில் வருகிறது என்றாள். எனக்குப் பகீரென்றது. அதையும் தபாலில் அனுப்பிவிட்டால் அப்புறம் நீ எதற்கு வரப்போகிறாய்? அதனால்தான் தையல்காரனை அனுப்பினேன்.

பெட்டியிலிருந்த உன் கடிதங்களை உன் அக்கா நேற்று என் முன்னால் வீசிவிட்டுப் போனாள். எல்லாவற்றையும் படித்தேன். வேலை இருந்தால் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேலை இல்லாவிட்டால் இது உன் வீடு இல்லையா? பாத்திரக்கடை வரைக்கும் யோசித்தவனுக்கு, சும்மா வந்து அப்பாவோடு நாலு நாள் உட்காரலாம் என்று தோன்றவில்லையே, அதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இனி உன் இஷ்டம். கையெழுத்துப் போடுவதானாலும் போடு, ஆசீர்வாதம் உண்டு. கண்ணாடி போட்டும் வரிகள் கோணலாகப் போகின்றன, பொறுத்துக்கொள்.

அப்பா

*

ஜூன் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். இதை நீங்கள் மட்டும் படிக்கலாம், எதிர்வீட்டுக்கும் படித்துக் காட்டலாம். இனி ரகசியம் ஒன்றும் இல்லை.

அக்காவின் கடிதமும் உங்கள் கடிதமும் ஒரே நாளில் வந்தன. அக்காவுடையதைப் படித்து, அறையில் தனியாக உட்கார்ந்து சத்தம்போட்டுச் சிரித்தேன். பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டினார். உங்களுடையதைப் படித்தபோது நல்லவேளை, அவர் வரவில்லை.

சூப்பர்வைசரிடம் போனேன். கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் மேஜைமேல் தயாராக இருந்தது. ஊரில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். "கணக்கு தெரியாத ஆளா நீ?" என்றார். தெரியும் அப்பா. உங்கள் கடிதம் வந்த அன்று இரவு முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் இங்கே இருப்பதுதான் லாபம் என்றே வருகிறது. நம் ஊரில் பக்கத்து ஊர் வேலை வராமல் போகலாம், டாக்டரம்மா வேறு ஊருக்குப் போய்விடலாம், நான் மறுபடியும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கலாம். கணக்கில் தப்பே இல்லை. அதை அவரிடமும் சொன்னேன். சொல்லிவிட்டு, நான் போகிறேன் என்றேன்.

வேலை இருந்தால் வருகிறேன் என்று எழுதியது என் முட்டாள்தனம். சம்பாதிக்காமல் வந்து நின்றால் உங்களுக்கு அவமானமாக இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். நாம் இரண்டு பேருமே ஒன்றையும் கேட்பதில்லை.

இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். வந்த அன்றே கிளினிக்கில் உங்களுக்கு அளவெடுக்கிறோம். மெழுகு அம்மா எனக்கென்று தனியாக ஒரு பெட்டி சாமான் கொடுத்திருக்கிறார். அதுவரை கஞ்சியை இரண்டு வேளைக்குப் பதில் நாலு வேளையாகக் குடியுங்கள். அக்காவிடம் சொல்லுங்கள், மிக்ஸியை இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஸ்டேஷனுக்கு நீங்களே வர வேண்டும், அப்பா. உங்களுக்குப் பதிலாகத் தையல்கார மாமாவை அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் மகன்